நிரப்பப் போகிறவரிடம் கேளுங்கள்

பயன்படுத்துபவரை மையமாக வைத்து ஒரு பொருளை உருவாக்க ஐந்து படிகள் சொல்வார்கள்: அவர் நிலையை உணர்வது, சிக்கலை வரையறுப்பது, வழிகளை யோசிப்பது, மாதிரி செய்வது, சோதிப்பது.

கோவை அருணாசலம் முருகானந்தம் 1998-ல் மனைவிக்காகப் பஞ்சில் நாப்கின் செய்தார். அது பயன்படவில்லை. சோதித்துச் சொல்லப் பெண்கள் தயங்கவே, தாமே அணிந்து பார்த்தார். பஞ்சு போதாது, மரக்கூழ் நார் வேண்டும் என்பது சில ஆண்டுகளுக்குப் பின்பே தெரிந்தது. பிறகு கிராமத்துப் பெண்களே இயக்கக்கூடிய மலிவான இயந்திரத்தை வடிவமைத்தார். 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார். சோதனையில் குறை தெரிந்தால் முந்தைய படிக்குத் திரும்புவதே இம்முறையின் உயிர்.

இங்கே அமீரகத்தில் நம் தொழிலாளர்களுக்காக ஒரு படிவம் தயாரிக்கிறீர்களா? அச்சடிக்கும் முன் நிரப்பப் போகிறவரிடம் கொடுங்கள். அவர் பேனா எங்கே தயங்கி நிற்கிறதோ, அங்கே திருத்துங்கள்.