போட்டோவின் மூலைகள் இருட்டாக விழுகிறதா? லென்ஸை விற்கும் முன் இதைப் பாருங்க!

நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கத்தின் விளிம்பு. தூரத்தில் மண்ணை அள்ளும் பக்கெட் வீல் இயந்திரம், அதற்கு மேலே படத்தில் முக்கால்வாசி இடத்தைப் பிடிக்கும் வானம். முறையாக அனுமதி வாங்கி, வைட் லென்ஸ் மாட்டி எடுத்த படத்தை லேப்டாப்பில் திறந்தால் நாலு மூலையும் கறுத்துக் கிடக்கிறது. 'லென்ஸ் போச்சா?' என்று பதறி, பாதி விலைக்கு அதைத் தள்ளிவிடுபவர்களும் உண்டு. பெரும்பாலும் லென்ஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இதற்கு விக்னெட்டிங் என்று பெயர். காரணம் என்ன என்பதை அந்த இருட்டின் வடிவமே ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும்.

தூசிக்குப் போட்ட கண்ணாடி

மூலைகள் கத்தரித்த மாதிரி திடீரென்று கறுப்பானால், ஏதோ ஒரு பொருள் வெளிச்சத்தை மறிக்கிறது என்று அர்த்தம். நெய்வேலி போன்ற சுரங்க ஊரில் சந்தேகம் முதலில் ஃபில்டர் மீதுதான் விழ வேண்டும். தூசிக்குப் பயந்து யு.வி. ஃபில்டரை நிரந்தரமாக மாட்டி வைத்திருப்பார்கள். வானம் வெளிறித் தெரிகிறதே என்று அதன் மேலேயே ஒரு போலரைசரும் ஏறும். இரண்டு வளையமும் சேர்ந்து நீட்டிக்கொள்ள, வைட் லென்ஸின் பார்வைக்குள் வளையத்தின் ஓரமே வந்துவிடுகிறது. போலரைசர் போடும்போது யு.வி.யைக் கழற்றினால் போதும், செலவே இல்லை.

லென்ஸ் ஹூட் சரியாகத் திருகி உட்காராவிட்டாலும் இதே கதைதான். கேமராவின் சொந்த ஃபிளாஷில் எடுக்கும்போது படத்தின் அடிப்பக்கம் மட்டும் வளைவாக நிழல் விழுந்தால், அது ஹூட்டின் நிழல். ஹூட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். ஏ.பி.எஸ்.-சி கேமராவுக்கான லென்ஸை ஃபுல் ஃபிரேம் கேமராவில் மாட்டினாலும் ஓரம் கறுக்கும். சின்ன சென்சாருக்காகச் செய்த அந்த லென்ஸ் விழவைக்கும் ஒளிவட்டம், 36×24 மில்லிமீட்டர் சென்சாரின் மூலை வரை எட்டாது.

மெதுவாக மங்கினால்?

நடுவிலிருந்து ஓரத்துக்கு இருட்டு மெல்ல மெல்லக் கூடுகிறது என்றால் அது லென்ஸின் இயல்பு. அபர்ச்சரை எஃப் 1.8, 2.8 என்று முழுசாகத் திறந்தால், சாய்வாக வரும் ஒளியில் ஒரு பகுதியை லென்ஸ் குழலின் விளிம்பே வெட்டிவிடுகிறது. எஃப் 5.6 அல்லது 8-க்கு இறக்கினால் இது வெகுவாகக் குறையும்.

அப்படியும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதற்குக் காரணம் கோணம். ஒளி எவ்வளவு சாய்கிறதோ, அந்தக் கோணத்தின் கொசைனை நாலு முறை பெருக்கிய அளவுக்குத்தான் வெளிச்சம் கிடைக்கும். 45 டிகிரி சாய்ந்தால் கால் பங்கு. ஃபுல் ஃபிரேமில் 50 எம்.எம். லென்ஸுக்கு மூலையில் ஏறக்குறைய 70 சதவீதம் வரும் என்றால், 24 எம்.எம்.முக்கு 30 சதவீதம்தான். இது வெறும் கணக்கு. நிஜ லென்ஸ்களின் வடிவமைப்பு இந்த இழப்பைக் குறைக்கும். ஆனாலும் வைட் லென்ஸில் மூலை மங்குவதை அந்த லென்ஸின் கோளாறு என்று சொல்வது நியாயமில்லை.

வானமே டெஸ்ட் பேப்பர்

சந்தேகம் தீர மேகம் மூடிய நாளில் வெறும் வானத்தை ஃபோகஸ் செய்யாமல் எடுங்க. முழு அபர்ச்சரில் ஒன்று, எஃப் 8-இல் ஒன்று, ஃபில்டரும் ஹூட்டும் கழற்றி ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே விஷயம் விளங்கிவிடும். ஒரு மூலை மட்டும் இருட்டாக இருந்து, எது செய்தும் மாறவில்லையா? அப்போது சர்வீஸுக்குப் போகலாம்.

இது ஏதோ சில்லறை வித்தை இல்லை. ஜவ்வாது மலை காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் போன்ற இடங்களில் வானியலாளர்கள் பின்பற்றும் 'ஃபிளாட் ஃபீல்டு' முறையின் எளிய வடிவம்தான் இது. அந்தி வானத்தையோ சீராக ஒளியூட்டிய திரையையோ படமெடுத்து, நட்சத்திரப் படத்தை அதனால் வகுத்துவிடுவார்கள். ஓரத்து மங்கல் கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

கேமராவிலேயே திருத்தும் வசதியும் இருக்கு. கேனனில் பெரிஃபெரல் இல்லுமினேஷன் கரெக்‌ஷன், நிகானில் விக்னெட் கன்ட்ரோல், சோனியில் ஷேடிங் காம்பன்சேஷன். ஆனால் இவை பெரும்பாலும் ஜேபெக் படத்துக்குத்தான் பலன் தரும். ரா ஃபைலில் எடுப்பவர்கள் லைட்ரூமிலோ, இலவசமான டார்க்டேபிளிலோ லென்ஸ் கரெக்‌ஷனை ஆன் செய்ய வேண்டும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. மூலையை இரண்டு ஸ்டாப் தூக்கினால் அது நாலு மடங்கு வெளிச்சம். ஐ.எஸ்.ஓ. 1600-இல் எடுத்த படத்தின் மூலை 6400-இல் எடுத்தது மாதிரி புள்ளி புள்ளியாகும். ராத்திரிப் படங்களில் கொஞ்சம் இருட்டை விட்டுவைப்பதே மேல். இன்ஸ்டாகிராமில் ஒரு ஸ்லைடரை இழுத்து இதே இருட்டை ஆசையாகச் சேர்ப்பவர்களும் நாம்தானே!

ஆனால் சுரங்கத்தின் முழு நீளத்தையும் காட்ட ஐந்தாறு படங்களை ஒட்டிப் பனோரமா செய்வதாக இருந்தால் சமரசமே வேண்டாம். ஒட்டும் முன் எல்லாப் படத்துக்கும் ஒரே கரெக்‌ஷன் கொடுங்க. பக்கத்துப் படங்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றின் மேல் ஒன்று விழட்டும். இல்லையென்றால் நெய்வேலி வானத்தில் வரிவரியாகக் கோடு தெரியும்.