பிரி பிரியாகப் புவியீர்ப்பு

சிங்கம்புணரியில் தேங்காய் நாரைப் பிரியாகத் திரித்து, பிரிகளை முறுக்கிக் கயிறாக்குவார்கள். முறுக்கிய கயிற்றைக் கையில் வாங்கி, உள்ளே எந்தப் பிரி எவ்வளவு பருமன் என்று சொல்லச் சொன்னால்? புவியீர்ப்பைக் கணிப்பவர்களுக்கு வாய்த்திருப்பது இந்த வேலைதான்.

ஈர்ப்பு எங்கும் ஒன்றுபோல் இல்லை. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே ராணுவ அதிகாரி லாம்டன் தொடங்கிய நில அளவை, அவருக்குப் பின் பொறுப்பேற்ற எவரெஸ்ட் காலத்தில் இமயத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தது. அந்த அளவையில் கலியாணா, கல்யாண்பூர் என்ற இரு நிலையங்களுக்கு இடையே, தரையில் அளந்த கணக்கும் விண்மீன் பார்த்துப் போட்ட கணக்கும் 5.236 விநாடிக் கோணம் முரண்பட்டன. தரையில் இது சுமார் 160 மீட்டர். கருவியின் தூக்குக்குண்டை மலை தன் பக்கம் இழுத்திருந்தது. ஆனால், மலையின் பருமனை வைத்து பாதிரியார் பிராட் கணக்கிட்டபோது வந்த விலகல் இதைப் போல் மூன்று மடங்கு! மலைக்கு அடியில் எடை குறைந்த வேர் இறங்கியிருக்கிறது என்று 1855இல் ஆங்கிலேய வானியலாளர் ஏரி விளக்கம் சொன்னார்.

இன்றைய கணிப்பில் முதல் பிரி, உருண்டைப் பூமி. அடுத்தது துருவங்களில் தட்டையான வடிவம். அதன்பின் வருபவை ஒன்றைவிட ஒன்று நுணுக்கமான மேடுபள்ளங்கள். 'கோள ஹார்மானிக்ஸ்' என்பது இந்தப் பிரிகளின் கூட்டுதான். 2008ஆம் ஆண்டின் இஜிஎம் என்ற புவியீர்ப்பு மாதிரியில் இவற்றின் அளவைச் சொல்லும் எண்கள் 40 லட்சத்துக்கும் மேல். தரை, கடல், செயற்கைக்கோள் அளவீடுகள் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்துவதில்லை. எல்லாவற்றோடும் பிணக்கு மிகக் குறைவாக வரும்படி எண்களைத் தேர்வது மீச்சிறு வர்க்க முறை. புவியீர்ப்பை அளக்க 2002இல் ஏவிய கிரேஸ் செயற்கைக்கோள்கள் இரண்டும் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் முன்னும் பின்னுமாகப் பறந்தன. முன்னது கனத்த பகுதியை நெருங்கினால் சற்றே முந்தும், இடைவெளி கூடும். அந்த நூலிழை மாற்றமே அளவீடு.

கணக்கு காட்டிய விந்தை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அலையில்லாமல் ஈர்ப்புக்கு மட்டும் அடங்கிய கடல்பரப்பு, ஜியாய்டு. இலங்கைக்குத் தெற்கே அது, கணிதத்தின் சீரான நீள்வட்டப் பூமியைவிட 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவு தமிழ்நாட்டையும் தொடுகிறது. அதனால் திருத்தம் செய்யாத ஜிபிஎஸ், கன்னியாகுமரிக் கரையில் நிற்பவரைக் கடல்மட்டத்துக்கு 90 மீட்டருக்கும் கீழே நிற்பதாகக் காட்டும்.

கண்மாய்க்கு வரத்துக்கால் வெட்டுகிறவர் ஜிபிஎஸ் உயரத்தை அப்படியே நம்ப முடியாது. ஜியாய்டைக் கழித்த பிறகு கிடைக்கும் சரிவில்தான் தண்ணீர் ஓடும்.