கடலுக்கு ஒரு பூட்டு

கடலுக்குப் பூட்டு போட முடியுமா? இந்தோனேசியாவின் மலுக்குத் தீவு மக்கள் காலங்காலமாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருக்கிற கிராம்புக்குப் பூர்வீகமே அந்தத் தீவுகள்தான்!

அங்கே 'சாசி' என்று ஒரு வழக்கம். ஊர் கூடிப் பேசி, பவளப்பாறையை ஒட்டிய ஒரு பகுதியில் கொஞ்ச காலத்துக்கு யாரும் கை வைக்கக் கூடாது என்று முடிவெடுப்பார்கள். அடையாளமாக ஒரு கம்பை நட்டு, நம்மூர்த் தோரணம் மாதிரி தென்னங்குருத்தைக் கட்டிவிடுவார்கள். அவ்வளவுதான் பூட்டு! சில ஊர்களில் தேவாலயத்தில் பிரார்த்தனையும் நடக்கும். அப்புறம் யாருக்குத் துணிச்சல் வரும், சொல்லுங்கள்?

ஓலை இருக்கும் வரை கடல் அட்டையைத் தொடக் கூடாது. ஓட்டிலிருந்து சட்டைப் பொத்தான் செய்வார்களே, அந்தப் பெரிய கடல் நத்தையையும் எடுக்கக் கூடாது. மீறினால் அபராதம். காவலுக்கு 'கேவாங்' என்ற ஊர்க் காவலர்கள் உண்டு. அட்டையும் நத்தையும் வளர்ந்து, இனம் பெருகிய பிறகு ஓலையை அவிழ்ப்பார்கள். அன்றைக்கு ஊரே கடலில் இறங்கிவிடும்.

கரையிலும் இதே சட்டம்தான். தென்னந்தோப்புக்கும் காட்டு விளைச்சலுக்கும்கூட சாசி போடுவதுண்டு.

பக்கத்தில், பவளப்பாறைகளுக்குப் பெயர்போன ராஜா அம்பாட் பகுதியிலும் இந்த வழக்கம் இருக்கிறது. அங்குள்ள மிசூல் தீவில் ஒரு கடற்பகுதிக்கு சாசி போட்டுப் பராமரிப்பவர்கள் யார் தெரியுமா? அந்த ஊர்ப் பெண்கள்தான்.