வைஃபை இருக்கு, நெட் இல்லை

கைபேசியின் மேல்மூலையில் வைஃபை விசிறி முழுதாக விரிந்திருக்கிறது. வீடியோவோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. "வைஃபை ஃபுல்லா இருக்கு, நெட் மட்டும் வரல" என்று வாடிக்கையாளர் சேவையிடம் முறையிடுபவர் சொல்வதில் முரண்பாடே இல்லை. அந்த விசிறிக்குத் தெரிந்ததெல்லாம் போனுக்கும் கூடத்தில் இருக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள சில அடி தூரம்தான். பெட்டிக்கு அப்பால் கேபிள் அறுந்து தெருவில் கிடந்தாலும் விசிறி விரிந்தே இருக்கும்.

அப்படியானால் நெட் இல்லை என்பது போனுக்கு எப்படித் தெரிகிறது? வைஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு போன் கூகுளின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கிறது. அங்கிருந்து வரவேண்டிய பதில் 204 என்ற எண் மட்டும். 'அனுப்ப ஒன்றுமில்லை' என்று அதற்குப் பொருள். அந்த ஒன்றுமில்லாத பதில் வந்துவிட்டால் எல்லாம் சரி. வராவிட்டால்தான் விசிறியின் ஓரத்தில் ஆச்சரியக்குறி முளைக்கிறது.

இனி போனைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்க்கலாம். ஃபைபர் இணைப்புள்ள வீடுகளில் அதன் முகப்பில் பவர், பான், எல்ஓஎஸ் என்று வரிசையாகச் சிறு விளக்குகள் இருக்கும். எல்ஓஎஸ் சிவப்பாக எரிந்தால் எந்த செட்டிங்கை மாற்றியும் பயனில்லை. ஒளியே வந்து சேரவில்லை என்கிறது அது.

அந்த ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. (தெரியவில்லையே என்று கேபிள் முனையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது.) இணைப்பகத்திலிருந்து கிளம்பும்போதே அதன் வலு சில மில்லிவாட்தான். வழியில் ஒரு பிரிப்பான் அதை 32 அல்லது 64 கிளைகளாகப் பங்கிட்டுவிடுகிறது. அந்தப் பிரிப்பானுக்கு மின்சாரமே தேவையில்லை. கடைசியில் வீட்டுக்கு வருவது ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு அளவே. லைன்மேன் தன் மீட்டரைச் செருகிப் பார்த்து "மைனஸ் இருபது, நல்லா இருக்கு" என்பது இதைத்தான். அந்த எண் மூன்று இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். மைனஸ் 27 வாக்கில், அதாவது மில்லிவாட்டில் ஐந்நூறில் ஒரு பங்கில், பெட்டி கைவிரிக்கத் தொடங்கும்.

கண்ணாடி இழை வழியே ஊர் தாண்டி ஒளியை அனுப்பலாம் என்பது 1960களில் பலரும் நம்பாத சங்கதி. அன்றைய கண்ணாடியில் இருபது மீட்டர் போவதற்குள் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். குறை கண்ணாடியில் இல்லை, அதில் கலந்துள்ள கசடில் இருக்கிறது. அதை நீக்கினால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் அந்த நூறில் ஒரு பங்கு மிஞ்சும் என்று 1966இல் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் இருவரும் எழுதினார்கள். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அதைச் செய்தே காட்டியது. இன்றைய இழையில் கிலோமீட்டருக்கு நூறில் தொண்ணூறு பங்குக்கு மேல் தப்பிவிடுகிறது. காவுக்கு நோபல் பரிசு வந்ததென்னவோ 2009இல்தான்.

இத்தனை தூரம் தப்பி வந்த ஒளி, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் தோற்றுப்போவது உண்டு. இழையில் ஒளி ஓடும் நடுப்பகுதியின் விட்டம் 9 மைக்ரான். தலைமுடியே அதைவிடப் பல மடங்கு தடிமன். ஸ்டாண்டைச் சுவரோடு தள்ளும்போது கேபிள் நறுக்கென்று மடிந்தால், ஒளி பிடி நழுவி இழைக்கு வெளியே கசிந்துவிடும். பச்சைத் தலை கனெக்டரின் முனையில் ஒட்டிய தூசியும் இதே வேலையைச் செய்யும். ஆகவே போன் செய்வதற்கு முன் கேபிள் எங்காவது மடிந்திருக்கிறதா, கனெக்டர் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

எல்ஓஎஸ் அணைந்திருக்கிறது, பான் மட்டும் விட்டுவிட்டு எரிந்துகொண்டே இருக்கிறது என்றால் கதை வேறு. ஒளி வருகிறது, பெட்டி தன்னைப் பதிவுசெய்துகொள்ள முயன்றுகொண்டிருக்கிறது. பல வீடுகள் ஒரே இழையைப் பகிர்வதால், மறுமுனைக்குப் பேச ஒவ்வொரு பெட்டிக்கும் முறை உண்டு. ஒளி போய்த் திரும்ப கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 மைக்ரோநொடி ஆகும். இணைப்பகம் ஒவ்வொரு வீட்டின் தூரத்தையும் இப்படி அளந்து, யார் எந்தக் கணத்தில் ஒளிர்ந்தால் இன்னொருவரோடு மோதாது என்று கணக்கிட்டு முறை ஒதுக்குகிறது. இதைக் கெடுக்க ஒரே ஒரு பெட்டி போதும். பழுதாகிப்போன லேசர் முறை பாராமல் எரிந்துகொண்டே இருந்தால் மற்ற எல்லா வீடுகளின் பேச்சும் அதில் அமுங்கிவிடும். நம் பெட்டி நன்றாகவே இருக்க, குற்றவாளி நாலு வீடு தள்ளி யாரோ ஒருவரின் அலமாரி மேல் உட்கார்ந்திருக்கலாம். வீட்டு இணையக் கோளாறுகளில் இதைவிட ரசமானதை நான் அறியேன்.

விளக்கெல்லாம் சரி, நெட் இல்லை என்றால் முதலில் பணம் கட்டியாயிற்றா என்று பாருங்கள். அடுத்தது முகவரி. கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் எதையும் கொடுக்காததால் கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. 8.8.8.8க்கு பிங் அனுப்பினால் பதில் வருகிறது, பெயரைத் தட்டினால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் படுத்துவிட்டது. செட்டிங்கில் வேறொரு டிஎன்எஸ் முகவரியைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

"ஒருதடவை ஆஃப் பண்ணிப் போடுங்க" என்ற அறிவுரையைத் தட்டிக்கழிப்பு என்று நினைக்க வேண்டாம். ரவுட்டரும் ஒரு சிறு கணினிதான். வீட்டிலுள்ள எந்தக் கருவி வெளியே யாரோடு பேசுகிறது என்ற பட்டியலை அது நினைவில் வைத்திருக்கிறது. பட்டியல் நிரம்பினாலோ மென்பொருள் எங்காவது சிக்கிக்கொண்டாலோ, எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துடைக்க மின்சாரத்தை நிறுத்துவதே வழி. அரை நிமிடம் பொறுக்கச் சொல்வது உள்ளே மிச்சமிருக்கும் மின்னூட்டம் வடிவதற்காக.

ஆனால் பின்புறத்துச் சிறு துளையில் ஊசியை விட்டுவிடாதீர்கள். அது ரீஸ்டார்ட் அல்ல, ரீசெட். இணைப்பு கொடுத்தபோது உள்ளே பதிந்த பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அதோடு அழிந்துபோகலாம். அப்புறம் தெருவில் அறுந்த ஃபைபரை ஒட்டிவிட்டுப் போன லைன்மேனை மறுபடியும் வரச் சொல்ல வேண்டியிருக்கும்.