தொடாமலே அளக்கலாம் ஓசோனை!

குழந்தைகளே, எங்கள் திருமுக்கூடலை அடுத்த காஞ்சிபுரத்து நெசவாளர்கள் பட்டுச் சேலையை விரலால் தடவிப் பார்த்தே அது கனமா, லேசா என்று சொல்லிவிடுவார்கள். நம் தலைக்கு மேல் சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசோன் படலத்தை யார் தடவிப் பார்ப்பது?

தொட வேண்டியதே இல்லை. வெயில் சொல்லிவிடும்!

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. இங்கிலாந்து விஞ்ஞானி டாப்சன் 1920-களில் அமைத்த கருவி, அவற்றில் இரண்டு கதிர்களைப் பிரித்து ஒப்பிடும். ஒன்றை ஓசோன் நிறைய உறிஞ்சும். மற்றதைக் கொஞ்சமே உறிஞ்சும். இரண்டில் முதல் கதிர் எவ்வளவு அதிகமாகக் குறைந்து தரைக்கு வருகிறது என்று பார்த்தால் ஓசோனின் அளவு தெரிந்துவிடும். எதற்கு இரண்டு கதிர்கள் என்கிறீர்களா? தூசி இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் மறைக்கும். ஆகவே, வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் ஓசோனே காரணம்.

மேலே உள்ள ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால் கனம் எவ்வளவு இருக்கும் தெரியுமா? சுமார் 3 மில்லிமீட்டர்தான்! இதை 300 டாப்சன் அலகு என்பார்கள்.

நம் கொடைக்கானலிலும் இந்த அளவீடு நடந்திருக்கிறது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893-ல் பிறந்த கே.ஆர். ராமநாதன் ஓசோன் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றார். சர்வதேச ஓசோன் ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார்.

தினமும் அளந்து எழுதி வைத்ததால் என்ன பயன்? அண்டார்டிகாவில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1950-களிலிருந்தே டாப்சன் கருவியால் அளந்துவந்தார்கள். பழைய கணக்கோடு ஒப்பிட்டபோது, வசந்த காலத்தில் ஓசோன் வெகுவாகக் குறைவது தெரிந்தது. 1985-ல் உலகுக்கு அறிவித்தார்கள். செயற்கைக்கோளும் அந்தக் குறைவைப் பதிவு செய்திருந்தது. ஆனால் சந்தேகத்துக்குரிய எண்கள் என்று அவை ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன!

ஓசோன் குறைந்தால் புற ஊதாக் கதிர் அதிகம் வரும். தோல் புற்றுநோய், கண்புரை வரலாம், பயிரும் பாதிக்கப்படும். காரணம், குளிர்சாதனப் பெட்டியிலும் ஸ்பிரேயிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள். அவற்றைக் கட்டுப்படுத்த 1987 செப்டம்பர் 16-ல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்த நாளே உலக ஓசோன் தினம். படலம் இப்போது மெல்ல மெல்லத் தேறிவருகிறது.

நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். நேரான பாட்டிலில் தினமும் மழையை அளந்து, தேதியோடு எழுதுங்கள். மழை இல்லாத நாளில் 'பூஜ்யம்' என்று எழுத மறக்காதீர்கள். அதுவும் கணக்குதான்!