பாரிசில் கொடுத்த வாக்கும் நெய்வேலிச் சுரங்கமும்

திருவதிகையிலிருந்து பண்ருட்டியைத் தாண்டி, பலாவும் முந்திரியும் அடர்ந்த சாலையில் தெற்கே போனால் நெய்வேலி. 1962 முதல் இங்கே பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். அந்த ஈரத்தை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு செலவாவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளிவரும் கரியமில வாயு சாதாரண நிலக்கரியைவிட அதிகம்.

பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தில் நெய்வேலியின் பெயர் இல்லை. சொன்னதைச் செய்யாத நாட்டுக்கு அபராதம் விதிக்கும் அதிகாரமும் அதற்குக் கிடையாது. ஆனாலும் அது இந்தச் சுரங்கம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. வந்த வழிதான் வியப்புக்குரியது.

இந்தியாவில் சர்வதேச ஒப்பந்தம் தானாகச் சட்டமாவதில்லை. நாடாளுமன்றமோ அரசோ அதற்கு உருவம் கொடுக்க வேண்டும். பாரிசுக்கு முன்பே, கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுக்குப் பிறகு, 2010 ஜனவரியில் இந்தியா ஐ.நா.வுக்கு ஒரு வாக்குறுதி அனுப்பியது. உற்பத்தியாகும் ஒவ்வொரு ரூபாய் மதிப்புக்கும் வெளியாகும் பசுங்குடில் வாயுவை, 2005-ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2020-க்குள் 20 முதல் 25 சதவீதம் குறைப்போம் என்றது. அடுத்த மாத பட்ஜெட்டிலேயே நிலக்கரிக்கும் பழுப்பு நிலக்கரிக்கும் டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி வரி அறிவிக்கப்பட்டது. 2016-இல் அது 400 ரூபாயானது. 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும், அந்தப் பணம் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டத் திருப்பிவிடப்பட்டது. வாக்கு உலகத்துக்குக் கொடுத்தது. அதன் பாதையை வகுப்பது உள்நாட்டு அரசியல்.

2015-இல் பாரிஸ் ஒப்பந்தம் இலக்கைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அந்தந்த நாட்டிடமே விட்டது. 2022-இல் இந்தியா தன் இலக்கை உயர்த்தியது: 2030-க்குள் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சாராததாக இருக்கும். அதே ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, உமிழ்வுக் குறைப்பை வாங்கி விற்கும் கார்பன் சந்தைக்கு வழி பிறந்தது. நிறுவுதிறன் இலக்கு 2025-லேயே எட்டப்பட்டது. ஆனால் ஆலைகள் தர முடிகிற நிறுவுதிறன் வேறு, அவை உண்மையில் தருகிற உற்பத்தி வேறு. சூரியத் தகடு இரவில் உறங்கும். அனல் ஆலை உறங்காது. அதனால் நாட்டின் மின் உற்பத்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. எதை அளப்பது என்று முடிவெடுக்கும்போதே எது மாறும் என்பதும் முடிவாகிவிடுகிறது.

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் வயதாகி 2020-இல் மூடப்பட்டது. புதிய அனல் அலகுகள் வந்தன. நெய்வேலியை நடத்தும் அதே என்எல்சி நிறுவனம், 1,000 மெகாவாட் சூரிய மின்திறனை எட்டிய முதல் மத்தியப் பொதுத்துறை நிறுவனமும் ஆனது. அந்தத் தகடுகளில் பெரும்பகுதி ராமநாதபுரம், விருதுநகர் போன்ற தென் மாவட்டங்களில் இருக்கிறது. மின்சாரம் கம்பி வழியே எங்கும் போகும். சுரங்கத் தொழிலாளியின் வேலை அப்படி இடம் மாறாது.

தொழிலாளருக்கு நியாயமான மாற்றம் வேண்டும் என்று பாரிஸ் ஒப்பந்தத்தின் முன்னுரை சொல்கிறது. 2022 உறுதிமொழியிலோ அவர்களுக்கென்று ஓர் எண் இல்லை. எண்ணாக எழுதப்பட்ட வாக்குகள்தாம் வரியாகவும் சட்டமாகவும் மாறியிருக்கின்றன. எத்தனை பேருக்கு, எந்த ஆண்டுக்குள், என்ன மாற்று வேலை என்பதும், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு என்ன வழி என்பதும் அடுத்த உறுதிமொழியில் எண்ணாக இடம்பெற வேண்டும்.