கரைவெட்டிக்குப் பறவை பார்க்கப் போறீங்களா? ஊருக்கும் பங்கு போகிற மாதிரி டூர் திட்டமிடுவது எப்படி?

ஏலாக்குறிச்சி என்றதும் அடைக்கல மாதா ஆலயமும் வீரமாமுனிவரும்தான் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். அந்த ஊர் இருக்கும் அதே திருமானூர் ஒன்றியத்தில்தான் கரைவெட்டி ஏரியும் இருக்கிறது. 2024 ஜனவரி 31 அன்று மத்திய அரசு அறிவித்த 5 புதிய ராம்சார் தலங்களில் கரைவெட்டி பறவைகள் சரணாலயமும் ஒன்று. கோத்தகிரி பக்கம் உள்ள லாங்வுட் சோலையும் அதே நாளில்தான் பட்டியலில் சேர்ந்தது.

சர்வதேச அந்தஸ்து வந்தால் கூட்டமும் வரும். கார் வரும், கேமரா வரும், ரீல்ஸ் வரும். கேள்வி என்னவென்றால், அந்த ஏரியை நம்பி விவசாயம் செய்கிறவர்களுக்கு இதில் என்ன கிடைக்கும்? ஆபீஸ் நண்பர்களோடு ஒரு வீக்எண்ட் பிளான் போடுகிறவர்களும், ‘ஈகோ டூர்’ நடத்தலாம் என்று யோசிக்கிற அரியலூர், பெரம்பலூர் இளைஞர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது இதோ.

கரைவெட்டியில் அப்படி என்ன இருக்கு?

சுமார் 454 ஹெக்டேர் பரப்பு. சென்னை கிண்டி தேசியப் பூங்காவே 270 ஹெக்டேர்தான் என்றால் அளவு புரியும். 1999-ல் சரணாலயமானது. புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வரும் காவிரித் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் ஏரியை நிரப்புகின்றன.

இங்கே சுமார் 198 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. நட்சத்திர விருந்தாளி வரித்தலை வாத்து. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி இங்கே குளிர்காலம் கழிக்க வருகிறது. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி, கிளுவை, குள்ளத்தாரா ஆகியவையும் உண்டு.

தேசியப் பூங்கா, சரணாலயம், ராம்சார்: மூணும் ஒண்ணா?

இல்லை. டூர் போடுவதற்கு முன் இந்த வித்தியாசம் தெரிந்தாக வேண்டும்.

தேசியப் பூங்கா: வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி மிகக் கடுமையான பாதுகாப்பு. கால்நடை மேய்ச்சலுக்கே அனுமதி கிடையாது. தமிழ்நாட்டில் கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா என 5 இருக்கின்றன.

சரணாலயம்: இதுவும் அதே சட்டத்தின் கீழ்தான். வேட்டைக்குத் தடை, நுழைய அனுமதி தேவை. ஆனால் உள்ளூர் மக்களின் சில உரிமைகள் தொடர இடம் உண்டு. கரைவெட்டி இந்த வகை.

ராம்சார் தலம்: 1971-ல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி கிடைக்கும் சர்வதேச அங்கீகாரம். இதன் அடிப்படைக் கொள்கை ‘விவேகமான பயன்பாடு’. மக்களை வெளியேற்றச் சொல்லவில்லை. இயல்பு கெடாமல் பயன்படுத்தச் சொல்கிறது.

கரைவெட்டிக்கு இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். ஏனென்றால் இது வெறும் பறவை ஏரி கிடையாது, பாசன ஏரி. நெல், கரும்பு, பருத்தி, மக்காச்சோளம், துவரை எல்லாம் இந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன. மதகு எப்போது திறக்கிறது, எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் பறவைக்கும் சாப்பாடு. தண்ணீர் அதிகமானால் நீரில் நடந்து இரை தேடும் பறவைகளுக்கு நிற்க இடமில்லை. சீக்கிரம் வற்றினால் வாத்துகள் கிளம்பிவிடும்.

விவசாயிக்கும் பறவைக்கும் உள்ள உறவு இருபக்கமும் ஓடுகிறது. நத்தைகுத்தி நாரை வயலில் நத்தையைப் பொறுக்கித் தின்று உதவி செய்யும். வரித்தலை வாத்தோ புல்லும் தானியமும் மேய்கிற பறவை; வயலிலும் இறங்கும். சரணாலயம் என்று ஆனபிறகு மீன்பிடிப்பதற்கும் மண் எடுப்பதற்கும் கட்டுப்பாடு வந்துவிடுகிறது. அந்தச் சுமை ஊர்க்காரர் தோளில். பறவை பார்க்கும் சந்தோஷம் வெளியூர்க்காரருக்கு. இந்தக் கணக்கைச் சரிசெய்ய முயல்வதுதான் ‘சமூகம் சார்ந்த சூழல் சுற்றுலா’.

இது வேறு எங்கேயாவது நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. வேடந்தாங்கல் பழைய உதாரணம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 18-ம் நூற்றாண்டின் இறுதியில், பறவைகளைச் சுடக் கூடாது என்று செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்துப்பூர்வ உத்தரவாதமே வாங்கினார்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை.

சுற்றுலாவாக நடத்திக் காட்டியதில் தேக்கடியின் பெரியாறு புலிகள் காப்பகம் பெரிய பாடம். 1996-ல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்து விற்றவர்களையே வனத்துறை குழுவாகச் சேர்த்தது. காட்டின் ஒவ்வொரு தடமும் தெரிந்தவர்கள் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினார்கள். பார்வையாளர்களிடம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பகுதி பெரியாறு அறக்கட்டளைக்குப் போய், மக்களுக்கும் காட்டுக்கும் செலவாகிறது.

தமிழ்நாட்டில் கோவை பரளிக்காட்டில் பில்லூர் அணைத் தண்ணீரில் பழங்குடி மக்கள் பரிசல் ஓட்டுகிறார்கள், ஊர்ப் பெண்கள் சமைக்கிறார்கள், முன்பதிவு வனத்துறை மூலம். ராமநாதபுரம் காரங்காட்டில் மீனவ கிராமத்தினர் அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப்போகிறார்கள். எல்லா இடத்திலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: ஊர்க்காரர் வெறும் கூலியாக நிற்காமல் குழுவாக அமைந்து, பணத்திலும் முடிவிலும் பங்கு வைத்திருக்கிறார்.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

1. முதல் போன் ஊருக்கு. பஸ் புக் பண்ணுவதற்கு முன் நாலு பேரிடம் பேசுங்கள்: வனத்துறை, ஊராட்சித் தலைவர், ஏரிப் பாசன விவசாயிகளின் சங்கம், மகளிர் சுயஉதவிக் குழு. ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் இருக்க வேண்டும் என்கிறது 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம். அவர்களையும் விட்டுவிடாதீர்கள். ‘நாங்க வர்றோம், ஏற்பாடு பண்ணுங்க’ என்று தொடங்காமல், ‘வரலாமா? எப்ப வந்தா உங்களுக்குத் தொந்தரவு இல்ல?’ என்று கேளுங்கள். அறுவடை நாளில் கரைமேல் நாலு வேன் நின்றால் நெல் வண்டி எப்படிப் போகும்?

2. தேதியைத் தண்ணீர் முடிவு செய்யட்டும். பொதுவாக நவம்பர் முதல் பிப்ரவரி வரை சீசன். ஆனால் காலண்டரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். காவிரியில் தண்ணீர் வந்ததா, மழை பெய்ததா, ஏரியில் எவ்வளவு நிற்கிறது என்று ஒரு வாரம் முன்பு ஊரில் விசாரியுங்கள். ஈபேர்ட் ஆப்பில் சமீபத்திய பதிவுகளையும் பார்க்கலாம்.

3. ஒரு குழுவுக்கு 12 பேர் போதும். அதற்கு மேல் போனால் பேச்சுச் சத்தம் கட்டுப்படாது, கரைமேல் நடக்கவும் இடம் பத்தாது. 6 பேருக்கு ஒரு உள்ளூர் வழிகாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பறவையின் ஆங்கிலப் பெயர் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எந்தப் பறவை எந்த மூலையில் ராத்தங்கும், யார் வலை விரிப்பார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். பெயர் சொல்லித்தர உங்கள் குழுவில் ஒருவர் போதும்.

4. பணக் கணக்கை முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஒரு உதாரணக் கணக்கு. 12 பேர், தலைக்கு ரூ.1,500. மொத்தம் ரூ.18,000.

- வேன்: ரூ.4,500
- காலை, மதியச் சாப்பாடு (மகளிர் குழு): ரூ.3,000
- 2 வழிகாட்டிகள்: ரூ.3,000
- ஊர்ப் பொது நிதி, 10 சதவீதம்: ரூ.1,800
- அனுமதி, பைனாகுலர் வாடகை, முதலுதவி: ரூ.1,200
- ஏற்பாட்டாளருக்கு: ரூ.4,500

சாப்பாடு, வழிகாட்டி, பொது நிதி மூன்றும் சேர்த்து ஊருக்குப் போவது ரூ.7,800. அதாவது 43 சதவீதம். வேனைத் திருச்சியிலிருந்து எடுக்காமல் ஏரியைச் சுற்றியுள்ள ஊரிலேயே எடுத்தால் அது ரூ.12,300. ஒரே ஒரு முடிவில் 68 சதவீதமாக ஏறிவிடுகிறது. உங்கள் டூருக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாதிக்குக் கீழே இருந்தால், எங்கே கசிகிறது என்று தேடுங்கள்.

பொது நிதியை என்ன செய்வது என்று ஊர்தான் முடிவு செய்ய வேண்டும். வாய்க்கால் தூர்வாரலாம், பள்ளிக்கூடத்துக்குப் பைனாகுலர் வாங்கலாம். கணக்கை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினால் சந்தேகம், சண்டை குறையும்.

5. பறவைக்கும் ஒரு ‘பிரைவசி’ இருக்கு. பளிச்சென்ற வெள்ளை, சிவப்புச் சட்டை வேண்டாம். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிட வேண்டாம். டிரோன் பறக்கவிட வேண்டாம். பறக்கும் போட்டோவுக்காகக் கைதட்டிக் கிளப்பிவிடுவது ரொம்பத் தப்பு. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த வாத்துக்கு ஒவ்வொரு முறை எழும்புவதும் சக்திச் செலவு. திரும்பிப் போகிற பயணத்துக்கு அது சேர்த்து வைக்க வேண்டிய கொழுப்பு அங்கேதான் கரைகிறது.

ஒருநாள் திட்டம் எப்படி இருக்கும்?

சென்னை–திருச்சி கார்டு லைனில் அரியலூர் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து தஞ்சாவூர் சாலையில் கீழப்பழுவூர் வந்து கரைவெட்டிக்குப் பிரியலாம்.

- காலை 6 – 8.30: ஏரிக்கரை நடை. பார்த்ததை ஈபேர்டில் பதிவு செய்யுங்கள்.
- 9 மணி: மகளிர் குழுவின் டிபன்.
- 10 மணி: பாசன விவசாயி ஒருவரோடு மதகு வரை ஒரு நடை. தண்ணீர் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று அவரே சொல்லட்டும். அந்த நேரத்துக்கும் அவருக்குச் சம்பளம் உண்டு.
- 11.30: ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குப் பழுவேட்டரையர் பெயர் தெரியும். அவர்கள் ஊரான பழுவூரின் சோழர் காலக் கோயில்கள்.
- 1 மணி: மதியச் சாப்பாடு.
- 3 மணி: ஏலாக்குறிச்சி. தேம்பாவணி தந்த வீரமாமுனிவர் எழுப்பிய ஆலயம். பிறகு கொள்ளிடக் கரை.

ஏரி வறண்டு கிடந்தா?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத திட்டம் முழுமையான திட்டம் ஆகாது. தண்ணீர் குறைவான வருஷம் பறவையும் குறையும். அந்த வருஷம் விவசாயமும் அடிவாங்கியிருக்கும். ஊருக்குப் பணம் அதிகம் தேவைப்படும் நேரத்தில் டூரும் நின்றால் எப்படி? அதனால் மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இந்தப் பகுதி கடலாக இருந்த கதை அங்கே கிடைக்கும். திருமழபாடி, கங்கைகொண்ட சோழபுரம் போகலாம். வழிகாட்டியும் சமையலும் அதே ஊர்க்காரர்களாக இருக்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ‘டூரிசம் வந்தா ஊரே மாறிடும்’ என்று யாருக்கும் ஆசை காட்டாதீர்கள். நாலு மாத சீசன் இது. விவசாயத்தோடு சேர்த்துக் கிடைக்கும் பக்க வருமானமாக இருந்தால் நிலைக்கும். இதை நம்பி யாராவது கடன் வாங்கிக் கடை போட்டால், ஒரு வறட்சி போதும், அவரைக் கவிழ்க்க.

கிளம்பும் முன் ஒரு செக்லிஸ்ட்

- வனத்துறை அனுமதி, நுழைவு நேரம், கட்டணம் கேட்டாச்சா?
- ஊராட்சிக்கும் விவசாயிகளுக்கும் தேதி தெரியுமா?
- சாப்பாட்டுக்கு முன்பணம் கொடுத்தாச்சா? கடைசி நிமிஷத்தில் ரத்து செய்தால் நஷ்டம் யாருக்கு என்று பேசியாச்சா?
- கழிவறை வசதி, குறிப்பாகப் பெண்களுக்கு, எங்கே?
- தண்ணீர் பாட்டில், தட்டு கையில் இருக்கா? பிளாஸ்டிக் எதுவும் கரையில் தங்கக் கூடாது.
- ஊர்க்காரர்களை போட்டோ எடுக்கும் முன் கேட்கணும் என்று குழுவுக்குச் சொல்லியாச்சா?

முதல் முறை போகிறவர்களுக்குப் பொங்கல் நல்ல நேரம். ஜனவரியில் பொங்கல் விடுமுறை நாள்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். யார் வேண்டுமானாலும் 15 நிமிடம் பறவைகளை எண்ணி ஈபேர்டில் பதிவு செய்தால் போதும். டூர் நடத்தும் யோசனை இருந்தால், அதற்கு முன் ஒரு தடவை கேமரா இல்லாமல் போய், கரைவெட்டி டீக்கடையில் உட்கார்ந்து, ‘இந்த வருஷம் தண்ணி எப்படி?’ என்று கேட்டுவிட்டு வாருங்கள். மிச்சத் திட்டத்தை அங்கே கிடைக்கிற பதிலை வைத்துப் போடலாம்.